பென்சிலால் எழுதிய பெயர்

(மயிலாடுதுறையில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை இதே கூடத்தில் நம் நூலகர் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டியைச் சுற்றுக்கு விட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பென்சில். ‘உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் பெயரை எழுதிப் போடுங்கள். ஒருவர்தான், இரண்டு பேர் கூடாது. இந்த ஆண்டு அவர் எழுதியதில் கைக்குக் கிடைப்பதையெல்லாம் படியுங்கள். டிசம்பரில் வந்து, அவர் இன்னமும் உங்களுக்குப் பிடித்தவர்தானா என்று சொல்லுங்கள்’ என்றார். அதற்கு ‘வாசிப்புச் சவால்’ என்று பெயரும் வைத்தார். பேனா கேட்டவர்களுக்குப் பேனா தரவில்லை. பென்சிலே போதும் என்றுவிட்டார். ஏன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

நான் என்ன எழுதுவேன் என்பது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியும். நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள். பதினெட்டு வயதில் ‘மோகமுள்’ படித்தவள். அதில் வரும் தெருக்களில் நடந்து பள்ளிக்கூடம் போனவள். தி. ஜானகிராமன் என்று எழுதத் தொடங்கி, முதல் எழுத்தும் போட்டுவிட்டேன். அங்கே கை நின்றது. ‘மோகமுள்’, ‘அம்மா வந்தாள்’, காவிரிப் பயண நூல், ஒரு பத்துப் பதினைந்து சிறுகதைகள். அவ்வளவுதான் நான் படித்த ஜானகிராமன். நாற்பது வருஷமாக எனக்குப் பிடித்த எழுத்தாளர் என்று ஊரெல்லாம் சொல்லிவந்த ஒருவரில் பாதியைக்கூட நான் படித்திருக்கவில்லை. இன்னொன்றும் உறைத்தது. எனக்குப் பிடித்தது ஜானகிராமனா, கும்பகோணமா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த எழுத்தை அழித்தேன். பென்சில் என்பதால் அழிக்க முடிந்தது.

நண்பர்களே, ‘பிடித்த’ என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். தமிழில் நாம் ஒருவரை விரும்புவதைச் சொல்லும்போது ‘எனக்கு அவரைப் பிடிக்கும்’ என்கிறோம். ‘நான் பிடிக்கிறேன்’ என்பதில்லை. அந்த வாக்கியத்தில் ‘நான்’ எழுவாயாகவே இல்லை. எனக்குச் சளி பிடிக்கிறது. ஊரில் மழை பிடித்துக்கொண்டது. அவனுக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்தது. நம்மைக் கேளாமல் வந்து கவ்விக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்தான். பதினெட்டு வயதில் எனக்கு ஜானகிராமன் பிடித்தது அப்படித்தான். மழை பிடித்தது போல. அதில் என் முயற்சி எதுவும் இல்லை.

ஆனால் இதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கையைப் பிடி, கயிற்றைப் பிடி, ஏர் பிடி. இவையெல்லாம் நாம் செய்கிற செயல்கள். பிடித்தால் விடக் கூடாது, உள்ளங்கை காய்த்துப்போகும். நம் நூலகர் தந்த சவால் இந்த முதல் பிடித்தலிலிருந்து இரண்டாவது பிடித்தலுக்குப் போவது என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தமிழ் வாசகர்கள் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நமக்கு அதில் நல்ல மரபு இருக்கிறது. க.நா. சுப்ரமண்யம் வாழ்நாள் முழுக்கப் பட்டியல் போட்டவர். எது நல்ல நாவல், எது நல்ல சிறுகதை என்று தயங்காமல் பெயர் சொன்னார். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று ஒரு நூலுக்கே தலைப்பு வைத்தார். அந்தப் பட்டியல்களை வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் உண்டு. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நூலகம் நூலகமாக அலைந்தவர்களும் உண்டு. 1960களில் தீரர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி ‘வாசகர் வட்டம்’ என்ற பெயரில் ஒரு பதிப்பகம் நடத்தினார். உறுப்பினர்களாகச் சேரும் வாசகர்களை நம்பி நல்ல நூல்களை அழகாக அச்சிட்டார். ‘அம்மா வந்தாள்’ அப்படி வந்த நூல்தான். 1970இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதாமாதம் பத்திரிகைகளில் வரும் சிறுகதைகளைப் படித்து அந்த மாதத்தின் சிறந்த கதை எது என்று கூட்டத்தில் அறிவிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது.

இவை எல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் இவை பெரும்பாலும் நூலைத் தேர்ந்தெடுக்கும் வழிகள், கதையைத் தேர்ந்தெடுக்கும் வழிகள். எழுதிய ஆளை முழுக்கப் பின்தொடர்வது வேறு வேலை. நம்மில் பலருக்கு ஓர் எழுத்தாளர் என்றால் ஒரு நூலின் பெயர்தான் நினைவுக்கு வரும். விருதுப் பட்டியலை வைத்துக்கொண்டாலும் ஆளைப் பிடிக்க முடியாது. ஜானகிராமன் என்றால் எல்லோரும் ‘மோகமுள்’ என்பார்கள். அவருக்கு 1979இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது ‘சக்தி வைத்தியம்’ என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. அசோகமித்திரன் என்றால் ‘தண்ணீர்’ என்பார்கள், ‘18வது அட்சக்கோடு’ என்பார்கள். அவருக்கு 1996இல் அந்த விருது கிடைத்தது ‘அப்பாவின் சிநேகிதர்’ தொகுப்புக்கு.

அசோகமித்திரன் பெயரைச் சொல்லிவிட்டேன். ஜானகிராமனை அழித்த இடத்தில் நான் எழுதிய பெயர் அதுதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் பேத்தி சி.பி.எஸ்.இ. பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, அவளுடைய ஆங்கிலப் பாடநூலில் ஜெமினி ஸ்டூடியோவைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. எழுதியவர் பெயர் அசோகமித்திரன். ‘பாட்டி, இவர் தமிழ் எழுத்தாளரா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ‘என்னவெல்லாம் எழுதியிருக்கிறார்?’ என்று கேட்டாள். ‘புலிக்கலைஞன்’ என்று ஒரு கதையைச் சொன்னேன். சினிமா ஸ்டூடியோவுக்கு வேலை கேட்டு வரும் ஒரு புலிவேஷக்காரர். எலும்பும் தோலுமான ஆள். அலுவலகத்துக்குள்ளேயே சட்டென்று புலியாக மாறிப் பாய்ந்து காட்டுகிறார். பார்த்தவர்கள் உறைந்துபோகிறார்கள். பின்னால் அவருக்கு ஒரு வாய்ப்பு வரும்போது, அவருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. இதைச் சொல்லி முடித்தபோது என் பேத்தி பேசாமல் இருந்தாள். பிறகு ‘வேறே?’ என்றாள். வேறே எனக்குத் தெரியவில்லை. அந்த ‘வேறே?’தான் சீட்டில் அவர் பெயரை எழுத வைத்தது.

நான் கணக்கு டீச்சர். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குப் புரியும். ஒரு நாற்பது பக்க நோட்டில் முதலில் அவருடைய வாழ்க்கையைத் தேதி வாரியாக எழுதினேன். இயற்பெயர் ஜ. தியாகராஜன். பிறந்தது 1931 செப்டம்பர் 22, சிகந்தராபாத். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அப்பா காலமானபின் 1952இல், இருபத்தொரு வயதில், குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறார். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை. 1966இல் அதை விட்டு வெளியே வந்தபின் எழுத்து ஒன்றுதான். 1973இல் அமெரிக்காவின் அயோவா நகரத்தில் பல நாட்டு எழுத்தாளர்கள் கூடித் தங்கும் திட்டத்துக்குப் போகிறார். காலமானது 2017 மார்ச் 23, சென்னையில்.

எதிர்ப்பக்கத்தில் நூல்கள். 1969இல் ‘கரைந்த நிழல்கள்’, சினிமா உலகம். 1977இல் ‘18வது அட்சக்கோடு’, சிகந்தராபாத் இளமை. 1985இல் ‘ஒற்றன்’, அயோவா. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கழித்தல் போடாமல் இருக்க முடியவில்லை. ஸ்டூடியோவை விட்டு 3 வருஷத்தில் அதைப் பற்றிய நாவல் புத்தகமாகிவிட்டது. அயோவாவைப் பற்றி வர 12 வருஷம். பிறந்த ஊரைப் பற்றி வர, ஊரை விட்டு வந்து 25 வருஷம்.

ஏன் அந்த 25? அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு இந்தக் கேள்வியோடுதான் ‘18வது அட்சக்கோட்டை’ப் படிக்க உட்கார்ந்தேன். அதில் சந்திரசேகரன் என்ற பையன் இருக்கிறான். கிரிக்கெட் ஆடுகிறான், வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிறான், காலேஜுக்குப் போகிறான். அவனைச் சுற்றி ஹைதராபாத் சமஸ்தானம் உடைந்துகொண்டிருக்கிறது. நிஜாம் இந்தியாவோடு சேரவில்லை. தெருவில் நிஜாமை ஆதரிக்கும் ரஜாக்கர் படையினர். நேற்றுவரை சேர்ந்து விளையாடியவன் இன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் உள்ளே நுழைகிறது. 17 அன்று நிஜாம் சரணடைகிறார். அசோகமித்திரனுக்குப் பதினேழு வயது நிறைந்தது அதற்கு ஐந்தாவது நாள். பதினேழு வயதில் பார்த்ததை அவர் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நமக்குத் தருகிறார். நாவலின் கடைசியில், கலவரத்துக்கு நடுவே ஒரு வீட்டுக்குள் அந்தப் பையன் பார்க்க நேரும் காட்சியை இங்கே நான் சொல்ல மாட்டேன். அதைப் படித்தபின், அந்த 25 வருஷம் ஏன் என்று எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில காட்சிகளைச் சொல்ல மனிதனுக்கு அவ்வளவு தூரம் நடந்து போய்விட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நூலை மட்டும் படித்திருந்தால் எனக்கு இந்த 25 கிடைத்திருக்காது. முழுக்கப் படிப்பதால் கிடைக்கும் முதல் பலன் இது. நூல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியையும் நம்மால் படிக்க முடிகிறது.

இரண்டாவது பலன் வேறு மாதிரியானது. ஜெமினி ஸ்டூடியோவில் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களிலிருந்து பலவகைச் செய்திகளை வெட்டி எடுத்துக் கோப்புகளில் சேர்த்து வைப்பது. பார்க்கிறவர்களுக்கு, மேஜையில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை காகிதம் கிழிக்கிறவராகத் தெரிந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். என் பேத்தியின் பாடத்தில் இருந்தது அந்தப் பகுதிதான். அதைப் படித்துவிட்டு ‘கரைந்த நிழல்க’ளுக்குப் போனேன். சினிமா நாவல் என்றால் ஒரு நடிகையோ ஒரு முதலாளியோ நடுவில் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இதில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மையம் மாறுகிறது. ஒருவர் வருகிறார், கொஞ்ச தூரம் அவரோடு போகிறோம், அவர் கரைந்துவிடுகிறார். வெளிச்சம் விழாத ஆட்களின் சினிமா அது. செய்தித்தாளில் எல்லோரும் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூலையில் இரண்டு அங்குலத்தில் இருக்கும் செய்தியைக் கத்தரித்து வைத்த கைதான் இந்த நாவலையும் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இது என் ஊகம். ஆனால் அவருடைய பல நூல்களைப் படித்தவள் என்ற உரிமையில் சொல்லும் ஊகம்.

இனி, கஷ்டமான மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் எனக்கு அவர் அலுத்துவிட்டார். மறுபடியும் ஒரு சைக்கிள், மறுபடியும் ஒரு ரயில், மறுபடியும் கடன் கேட்கப் போகும் ஒருவர், மறுபடியும் சத்தம் போடாமல் முடியும் ஒரு கதை. ‘இன்று’ என்ற நூலை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் மூடினேன். துண்டு துண்டாக நின்ற அதற்குள் எனக்கு வழி தெரியவில்லை. இங்கே வந்து, சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று நூலகரைக் கேட்டேன். அவர், ‘மாற்றலாம். ஆனால் இந்த ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டு மாற்றுங்கள்’ என்றார்.

அந்த ஒரு மாதத்தைத்தான் இந்தச் சவாலின் உயிர் என்று நினைக்கிறேன். ஒருவருடைய நல்ல நூல்களை விரும்ப யாராலும் முடியும். அவருடைய சுமாரான நூலையும் கடைசிப் பக்கம் வரை படித்து, அதில் அவர் எதற்கு முயன்றார், எங்கே கை நழுவியது என்று பார்த்தவருக்குத்தான் ‘எனக்குப் பிடித்தவர்’ என்று சொல்ல உரிமை வருகிறது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையை எல்லா டீச்சருக்கும் பிடிக்கும். தப்பாகப் போட்ட கணக்கில் எந்த வரியில் தப்பு நேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கும்போதுதான், அந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று நமக்குத் தெரியவருகிறது. எழுத்தாளரையும் அப்படித்தான் தெரிந்துகொள்ள முடிகிறது.

அலுப்பு கலைந்தது எப்படி என்றும் சொல்கிறேன். ஒரே மாதிரி இருக்கிறதே என்று நான் சலித்துக்கொண்ட கதைகளை மறுபடி எடுத்தேன். ஒரே சம்பவம் கட்டுரையில் ஒரு மாதிரியும் கதையில் வேறு மாதிரியும் இருப்பதைக் கவனித்தேன். கட்டுரையில் சொன்னவர் கதையில் எதை விட்டுவிடுகிறார் என்று நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். அவர் விட்டுவிடுவது எப்போதும் ஒன்றைத்தான். நாம் எப்படி உணர வேண்டும் என்று நமக்குச் சொல்லும் வாக்கியத்தை. அழ வேண்டிய இடத்தில் அவர் நம்மைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுகிறார். ‘பிரயாணம்’ கதையில் மலைப் பாதையில் சாகக் கிடக்கும் குருவை இழுத்துக்கொண்டு போகும் சீடன் கடைசியில் பார்ப்பதை, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். நான் சலிப்பு என்று நினைத்தது அவருடைய கட்டுப்பாடு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. பாருங்கள், இங்கேயும் அதே சொல்தான் வருகிறது.

ஆகஸ்டில் ‘தண்ணீர்’ நாவலுக்கு வந்தேன். சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் வருவதில்லை. அடிபம்பு அடித்து அடித்து ஓய்ந்த பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார்கள். ஜமுனா என்ற பெண், சினிமாவில் நடிக்க ஆசைப்பட்டு ஏமாந்தவள், உயிரை விட்டுவிடவும் துணிகிறாள். அதே தெருவில் ஓர் ஆசிரியை இருக்கிறாள். வீட்டில் நோயாளிக் கணவர், மாமியார். அத்தனையும் சுமந்துகொண்டு, விடியற்காலையில் தண்ணீருக்கும் அலைந்துவிட்டு, நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் எல்லோருக்கும் டீச்சரம்மாதான்.

என்னையும் எங்கள் தெருவில் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்து நான்கு வருஷமாக. என் பெயர் தெரியாத பிள்ளைகளே எங்கள் தெருவில் அதிகம். அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த இரவில் ஒரு விஷயம் புரிந்தது. டீச்சரம்மா ஜமுனாவுக்குப் பெரிய உபதேசம் எதுவும் செய்யவில்லை. தன் வாழ்க்கையைச் சொல்கிறாள், பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். ஜமுனா எழுந்து நிற்கிறாள். நான் வேலை பார்த்த வருஷங்களில் என் வீட்டிலும் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தார். நானும் விடியற்காலையில் எழுந்து எல்லாம் முடித்துவிட்டு முதல் பஸ்ஸில் போனவள்தான். அதை யாரும் பெரிதாகச் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. ஒரு நாவலில், என்னை அறியாத ஒரு மனிதர், நான் ஆசிரியை ஆவதற்கு முன்னாலேயே அதை எழுதி வைத்திருக்கிறார். ஜானகிராமன் எனக்கு என் ஊரைத் தந்தார். அசோகமித்திரன் நான் ஒருநாளும் வசிக்காத ஒரு தெருவில் என்னை நிற்க வைத்தார். எனக்குப் பிடித்தது எழுத்தாளரா, ஊரா என்று ஜனவரியில் குழம்பினேன் அல்லவா, அதற்குப் பதில் அன்றைக்குக் கிடைத்தது.

என் கதை போதும். இந்த ஆண்டு மற்ற நண்பர்கள் படித்ததையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

தையல் கடை வைத்திருக்கும் நம் சகோதரி ராஜம் கிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்தார். நீலகிரியின் படகர் வாழ்வைப் பற்றிக் ‘குறிஞ்சித்தேன்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’, மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’ என்று ஒவ்வொரு நாவலுக்கும் அந்தந்த மக்களிடம் நேரே போய்ப் பார்த்து எழுதியவர் அவர். நம் தஞ்சை வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்களைப் பற்றிச் ‘சேற்றில் மனிதர்கள்’ எழுதினார். அவர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மாளின் வாழ்க்கையைப் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று நாவலாக்கினார். சகோதரி இந்த இரண்டையும் நாற்று நட்டுக் களை பறித்தே காலம் தள்ளிய தன் அம்மாவுக்கு ராத்திரியில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அம்மா சில இடங்களில் நிறுத்தச் சொல்லி, ‘அது அப்படி இல்லை, இப்படி’ என்று திருத்தியிருக்கிறார். ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்?

பஸ் கண்டக்டராக இருக்கும் தம்பி கி. ராஜநாராயணனை எடுத்துக்கொண்டார். ‘கோபல்ல கிராம’த்தில் தொடங்கினார். 1982இல் வந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியில் போய் நின்றுவிட்டார். இடைசெவல் கிராமத்துக்காரர் ஒருவர் தன் மண்ணின் சொல்லையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாரே, நம் மண்ணுக்கு யார் சேர்ப்பது என்று கேட்டார். இப்போது அவர் டிக்கெட் பைக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. அண்டை வெட்டுதல், பரம்படித்தல், தாளடி, பத்தாயம், குதிர். வயதான பயணிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். ஓர் ஆசிரியரை முழுக்கப் படித்தவர் அவரைப் போலவே ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

கல்லூரியில் படிக்கும் பெண் புதுமைப்பித்தனை எழுதிப் போட்டாள். மார்ச் மாதமே வந்து, ‘முடித்துவிட்டேன், இனி என்ன செய்வது?’ என்று கேட்டாள். 1906இல் பிறந்து 1948இல் போய்விட்ட மனிதர். 42 வயதுதான். கேட்கும்போது அவள் குரலில் கோபம் இருந்தது. அவர் மேல் கோபமா, அவரைக் கொண்டுபோன காசநோய் மேல் கோபமா என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து படி என்றார் நூலகர். இரண்டாவது தடவை, அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்துப் படித்தாள். வறுமையும் ஏக்கமும் நிறைந்த அந்தக் கடிதங்களுக்குப் பிறகு கதைகளின் கேலி தனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது என்றாள். பத்தொன்பது வயதில் இதைச் சொன்னாள்.

ஒரு நண்பர் அக்டோபரில் எழுந்து, தான் எழுதிப் போட்டவர் இனித் தனக்குப் பிடித்தவர் இல்லை என்று சொன்னார். யார் அந்த எழுத்தாளர் என்பதை அவர் சொன்னதோடு இந்தக் கூடத்திலேயே விட்டுவிடுவோம். பன்னிரண்டு நூல் படித்துவிட்டு, காரணத்தோடு, வருத்தத்தோடு சொன்னார். என்னைக் கேட்டால் இந்தச் சவாலில் மிகப் பெரிய வேலை செய்தவர் அவர்தான். இளமையில் தன்னைப் பிடித்துக்கொண்ட ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்துக் கீழே வைத்தவர் அவர். இப்போது அவர் வேறொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தேடலை நினைக்கும்போது நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். இங்கிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். என்னைப் போல அவரும் கணக்கு வாத்தியார்தான். கல்லூரிகளில் கணிதம் கற்பித்துவிட்டு, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக எழுதினார். அவற்றில் ஒரு விதியின் பொருள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் இருக்கிறது என்பது. அடுத்த விதி அதைத் திருப்பிச் சொல்கிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் இருக்கிறார். அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும் நடமாடும் நூலகம் தொடங்கியது.  அந்த வண்டி போனது நம் பக்கத்து வயல்களுக்கு நடுவேதான். வாசகரும் நூலும் எங்கோ ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவே ஒரு வண்டி ஓட வேண்டும் என்று நம்பிய மனிதர்கள் ரங்கநாதனும் அந்த வண்டியை அனுப்பியவர்களும்.

அடுத்த ஆண்டுச் சவாலுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். முதலில், நீங்கள் ஏற்கெனவே நன்றாக அறிந்தவரை எழுதாதீர்கள். ஒரே ஒரு கதையால் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவரை எழுதுங்கள். காலவரிசையில் படியுங்கள். ஒரு பக்கத்தில் வாழ்க்கை, எதிர்ப்பக்கத்தில் நூல்கள் என்று நோட்டுப் போடுங்கள். அலுப்பு வரும் மாதத்தில் விட்டுவிடாதீர்கள். அந்த மாதத்துக்குப் பிறகுதான் அவர் உங்களிடம் பேசத் தொடங்குவார். அச்சில் இல்லாத நூலை நூலகரிடம் கேளுங்கள். பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தின் கடைசி அலமாரியில் பல வருஷமாக யாரும் தொடாமல் அது உங்களுக்காகக் காத்திருக்கலாம். முடிந்தால் ஒரு நூலையாவது வீட்டில் யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஜனவரியில் நான் போட்ட சீட்டை நூலகர் இன்றைக்கு என்னிடம் திருப்பித் தந்தார். ஜானகிராமனின் முதல் எழுத்து, அழித்த தடமாக இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அதன் மேலே அசோகமித்திரன். அவரும் பென்சிலில்தான் இருக்கிறார். சீட்டோடு ஒரு பேனாவையும் நூலகர் நீட்டினார். பென்சில் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பெயர் மேல் பேனாவால் எழுதிவிட்டேன். பக்கத்திலேயே, மங்கலாக இருக்கும் அந்த முதல் எழுத்தைத் தொடர்ந்து, மறுபடியும் பென்சிலால் ஜானகிராமன் என்று எழுதியிருக்கிறேன். அது அடுத்த ஆண்டுக்கு.